பதினேழு புள்ளி எட்டு

ஐப்பசி இரண்டாம் வாரம்.
கொரடாச்சேரிக்குத் தெற்கே, வெண்ணாற்றங்கரைக் கொள்முதல் நிலையம்.
களத்தில் ஒன்பது அம்பாரம், ஒன்பது தார்ப்பாய்.
வானத்தில் ஒரே அம்பாரம், கறுப்பாக.

நான் பட்டியல் எழுத்தர். பருவகால வேலை.
மேசைமேல் இரண்டு கருவிகள்.

ஒன்று ஈரப்பதம் பார்ப்பது.
ஒரு பிடி நெல்லைப் போட்டு மூடியைத் திருகினால்
ஓர் எண் காட்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
பேட்டரி மூடி உடைந்து
ரப்பர் பேண்டு சுற்றி ஏழு வருஷம்.

மற்றது இந்தக் குறுவைக்கு வந்தது.
ரேகை வாங்கும், முகம் பிடிக்கும், பட்டா தேடும்,
தராசோடு பேசும், மூட்டை எண்ணும், ரசீது துப்பும்,
நான் எங்கே நிற்கிறேன் என்று மேலே கோள் சொல்லும்.
"இனிமே ஒங்களுக்கு வேலையே இல்ல மேடம்"
என்றான் திருவாரூரில் பயிற்சி கொடுத்த தம்பி.
சமோசா நன்றாக இருந்தது.

தையல்நாயகிக்கு ரேகை விழவில்லை.
துடைத்து வை, ஊதி வை, இடது கை வை.
நாற்றுப் பறித்துப் பறித்து வழுவழுத்த விரல்.
ஏழாம் தடவை கருவி திகைத்து நின்றது.
ரேகை இல்லாமல் பட்டா திறக்காது,
பட்டா திறக்காமல் தராசு வாய் திறக்காது.
தராசு என்ன பாவம் செய்தது?
இரும்புத் தட்டில் மூட்டை உட்கார்ந்திருக்கிறது,
அதன் எடை யாருக்கும் தெரியாது,
அந்தோணிராஜின் முதுகுக்குத் தவிர.

"பழைய தராசா இருந்தா இந்நேரம் லாரி கௌம்பியிருக்கும்."
வரிசையில் எல்லோரும் தலையாட்டினார்கள்.
எனக்கும் ஆட்டத் தோன்றியது.
மூட்டைக்கு ஒரு கிலோ எங்கே போச்சு என்று
அந்தப் பழைய தராசைப் போன வருஷம் திட்டியதும்
இதே வரிசைதான்.

திரையில் ஒரு வரி:
உங்கள் எண்ணுக்குக் கடவுச்சொல் அனுப்பப்பட்டது.

என் கைப்பேசியோ அப்போது டார்ச் லைட்.
மின்சாரம் போய் முக்கால் மணி.
அந்த வெளிச்சத்தில்தான் சாக்கு வாய் தைத்தார்கள்.
காலையில் அதுவே மகளுக்குக் கணக்கு வாத்தியார்,
மதியம் மேகப்படம்.
நாலு சதவீதம். மூன்று.
சொல்லாக வரவேண்டியது
வெளிச்சமாக எரிந்து தீர்ந்தது.
கடவுச்சொல், கோபுரத்துக்கும் மேசைக்கும் நடுவே
எங்கேயோ நனைந்துகொண்டிருந்தது.

முதல் தூறல்.
ஒன்பது தார்ப்பாயும் ஒரே மூச்சில் படபடத்தன.

சரி, ஒன்றே ஒன்று தெரிந்ததையாவது கேட்போம் என்று
தையல்நாயகியின் குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டு
ஒரு பிடி எடுத்தேன்.
பதினேழு புள்ளி எட்டு.
பதினேழு வரைதான் வாங்கலாம்.
இன்னொரு மூலை. பதினேழு புள்ளி எட்டு.
நடுவில். அதே.

அதற்கு மழை தெரியாது.
நகைக்கடன் தெரியாது.
நாலு ராத்திரி அவள் களத்திலேயே படுத்தது தெரியாது.
தொங்காது, திகைக்காது, பொய் சொல்லாது,
கெஞ்சினால் ஒரு புள்ளி இறங்காது.
கருவி என்றால் ஒரு வேலை, ஒரு பொத்தான் போதும் என்று
ஊரெல்லாம் பேசித் திரிந்தவள் நான்.
அன்று அதைத் தூக்கி வெண்ணாற்றில் எறியப் பார்த்தேன்.

எறியவில்லை. தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன்.
மறுமுனை தையல்நாயகி.
பட்டியல் எழுத்தர், தார்ப்பாய்க்கு முளைக்குச்சி,
வரிசைக்கு வசவு வாங்கி, போன் எடுக்காத அம்மா.
இத்தனைக்கும் ஒரே தொகுப்பூதியம்.
"மேடம், அந்த மெசினுல கொடை கெடையாதா?"
அந்தோணிராஜ் சிரித்தார், தலையில் சாக்கு.

குடை இருந்தது. நிலையத்தில் ஒன்றே ஒன்று.
புதுக் கருவி நனையக்கூடாது என்று சுற்றறிக்கை.
அதற்குத்தான் விரித்து வைத்திருந்தோம்.

விடிந்ததும் டீக்கடையில் சார்ஜ் ஏறி
கைப்பேசி கண் விழித்தது.
கடவுச்சொல், ஆறு இலக்கம்.
பத்து நிமிடத்துக்கு மட்டும் செல்லும்.

தையல்நாயகி கை நீட்டினாள். ஒரு பிடி நெல்.
"இப்ப என்ன காட்டுது, பாருங்க."
ரப்பர் பேண்டைச் சரிசெய்து
மூடியைத் திருகினேன்.